“பிளாஸ்டிக் சீனா”: சிறு பட்டறையும் பெருஞ் சந்தையும்

சீன தேசத்துச் சிறு தொழில்களைப் பற்றி நம்மவரிடையே இரண்டு கருத்துக்கள் நிலவுகின்றன. மலிவுப் பொருள்களைக் கைநிறைய வாங்கிச் செல்வோர், ஊர்தோறும் இயந்திரம் சுழலும் உழைப்பாளர் நாடு என அதனை வியக்கின்றனர். நதிகள் கறுத்தோடும் செய்தியைப் பத்திரிகைகளிற் படிப்போர், இலாபம் ஒன்றையே கருதி மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும் ஈரமற்ற கூட்டம் என அதனை இகழ்கின்றனர். வியப்போரும் இகழ்வோரும் ஒரு விடயத்தில் மட்டும் ஒத்திருக்கின்றனர். பட்டறைக்குள் நிற்கும் மனிதனை அவ்விரு சாராரும் நேரிற் கண்டதில்லை.

வாங் ஜியுலியாங் என்னும் சீன நெறியாளர் ஆக்கிய “பிளாஸ்டிக் சீனா” என்ற விவரணப்படம் அம்மனிதனை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றது. 2016ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் விவரணப்பட விழாவிற் திரையிடப்பட்டு விருது பெற்ற இப்படம், 2017 தொடக்கத்திற் சீனத்தின் இணையத்தளங்களிற் சில நாள் பரவிப் பின் அங்கிருந்து அகற்றப்பட்டது. வாங் இத்துறைக்குப் புதியவர் அல்லர். 2008 முதல் பெய்ஜிங் நகரைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான குப்பைமேடுகளைத் தேடிச் சென்று படம்பிடித்து, 2011இல் “குப்பை சூழ்ந்த பெய்ஜிங்” எனும் படத்தை வெளியிட்டவர். ஒரு நகரம் தன் கழிவை எங்கே கொட்டுகின்றது என்று முதற்படத்திற் கேட்டவர், உலகம் தன் கழிவை எங்கே கொட்டுகின்றது என்று இரண்டாவது படத்திற் கேட்கின்றார்.

அண்மையில் எமது பாடசாலை உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு இப்படத்தைக் காட்டினேன். படம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “சேர், அந்தப் பட்டறை முதலாளியை நாங்கள் வெறுக்க வேணுமா, அவருக்காக இரங்க வேணுமா?” என்று கேட்டாள். உடனடியாக விடை கூற என்னால் இயலவில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியேயாகும்.

படத்தின் கதை, கதையென்று கூறத்தக்க அளவுக்கு விரிந்ததன்று. ஷாண்டோங் மாகாணத்துக் கிராமம் ஒன்று. அங்கே ஒரு குடும்பம் தன் வீட்டு முற்றத்திலேயே பிளாஸ்டிக் கழிவை மீள் உற்பத்தி செய்யும் பட்டறையை நடத்துகின்றது. சிச்சுவான் மாகாணத்திலிருந்து பிழைப்புத் தேடிவந்த மற்றொரு குடும்பம் அம்முற்றத்திலேயே தங்கிக் கூலி வேலை செய்கின்றது. கூலிக் குடும்பத்து மூத்த பெண்ணுக்கு வயது பதினொன்று. அவள் பாடசாலைக்குச் செல்ல விரும்புகின்றாள்; தந்தையோ அனுப்புவதாகச் சொல்லிச் சொல்லி நாளைக் கடத்துகின்றார்; உழைத்த பணம் குடியிற் கரைகின்றது. பட்டறை முதலாளிக்கு ஒரு புதிய கார் வாங்கவேண்டும், தன் பிள்ளையை நன்றாகப் படிப்பிக்க வேண்டும் என்பவை ஆசைகள். இவ்வளவுதான்.

இச்சிறு வட்டத்துக்குள் வாங் கண்டுகாட்டும் நுண்மைகளே படத்தின் பலம். மேலை நாடுகளிலிருந்து வந்த கழிவு மலைபோற் குவிந்து கிடக்கின்றது. பல நாட்டுப் பெயர்ச்சீட்டுகளும் அதிற் கலந்து கிடப்பதால் அவ்விடத்துக்கு “ஐக்கிய நாடுகள்” என்றே பெயர் வழங்குகின்றது. வீசப்பட்ட சிறு பொட்டலத்துள் எஞ்சிய கரிய தூளை நாவில் வைத்து, கோப்பியின் கசப்பை அச்சிறுமி அறிகின்றாள். பிற நாட்டுப் பிள்ளைகள் படித்து எறிந்த பாட அட்டைகளிலிருந்து ஆங்கிலச் சொற்களைக் கற்கின்றாள். உடைந்த பொம்மைகள் அவளுக்குத் தோழியர். பாடசாலை வாயிலைக் காணாத ஒரு பிள்ளைக்கு உலகத்தின் எச்சிலே பாடநூலாகின்றது. இதனைக் காட்டும்போது நெறியாளர் ஒரு சொல்லேனும் கூறுவதில்லை. பின்னணிக் குரலும் போதனையும் இல்லாமலே காட்சி நம்மைச் சுடுகின்றது. சமுதாயப் பார்வையுடைய கலை என்றாற் பிரசங்கம் என்று முகஞ்சுளிப்போர் இப்படத்தை ஒருமுறை பார்த்தல் நன்று.

எனினும் என் கருத்தில் இப்படத்தின் தலையாய சாதனை அச்சிறுமியன்று, பட்டறை முதலாளியே. சிறு உற்பத்தியாளன் சுற்றாடலைக் கெடுப்பது அறியாமையால் என்பது பலரது நம்பிக்கை. அவனுக்கு விழிப்புணர்ச்சி ஊட்டினாற் போதும், துண்டுப்பிரசுரமும் கருத்தரங்கும் குறையைத் தீர்த்துவிடும் என்று அவர்கள் கருதுகின்றனர். இப்படத்து முதலாளி அறியாதவன் அல்லன். அவனது உடலில் இனந்தெரியாத கட்டிகள் தோன்றியுள்ளன. அவற்றை வைத்தியரிடம் காட்ட அவன் அஞ்சுகின்றான். ஊரவர் சிலருக்கு வந்த கொடுநோய் தனக்கும் வந்துவிட்டது என்று தெரிந்துவிடுமோ என்பதே அவனது அச்சம். அறியாதவனுக்கு இந்த அச்சம் தோன்றாது. தான் செய்யும் தொழில் எத்தகையது என்பதை அவன் தன் உடலாலேயே அறிந்திருக்கின்றான். அறிந்தும் தொடர்கின்றான். உடலைக் கொடுத்துக் காரையும் கல்வியையும் வாங்குவது இலாபமான வியாபாரம் என்று அவன் கணக்கிட்டிருக்கின்றான். இக்கணக்கை அவனுக்குக் கற்பித்தது யார் என்று கேட்கத் தொடங்கும் இடத்திலேதான் உண்மையான விமர்சனம் பிறக்கின்றது.

படம் தடுமாறுவதும் அவ்விடத்திலேயே. இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை நமது விமர்சகர்கள் பலமுறை எடுத்துக் கூறியுள்ளனர். கண்ணுக்குத் தெரிவதைத் தெரிந்தவாறே பதிவது முன்னையது. தெரிவதற்குப் பின்னேயுள்ள உறவுகளையும் அவற்றின் இயக்கத்தையும் சேர்த்துக் காட்டுவது பின்னையது. வாங்கின் படப்பெட்டி பட்டறை முற்றத்தை விட்டு அதிகம் வெளியேறுவதில்லை. கழிவு வந்து இறங்குகின்றது, கையாற் பிரிக்கப்படுகின்றது, துண்டாக்கிக் கழுவி உருக்கிச் சிறு மணிகளாக வெட்டப்படுகின்றது. அம்மணிகளை வாங்கிச் செல்வோர் யார்? என்ன விலைக்கு வாங்குகின்றனர்? அவற்றிலிருந்து வார்க்கப்படும் பொருள் எந்த நாட்டுக் கடையில் எவர் கைக்குச் செல்கின்றது? இவ்வினாக்களுக்குப் படத்தில் விடையில்லை. ஆதலின் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும் திரை முழுவதையும் நிறைத்து நிற்கின்றது. என் மாணவியின் தடுமாற்றத்துக்கு இதுவே காரணம் எனலாம். வெறுப்பு, இரக்கம் என்னும் இரண்டைத் தவிர வேறொன்றைப் படம் அவளுக்குக் கொடுக்கவில்லை.

விடுபட்டதை வரலாற்றைக்கொண்டே நிரப்ப வேண்டியுள்ளது. 1978இல் சீனத்தின் கிராமியத் தொழிலகங்களில் ஏறத்தாழ 2 கோடி 80 இலட்சம் பேர் வேலை செய்தனர். 1996இல் அத்தொகை ஏறத்தாழ 13 கோடி 50 இலட்சமாக உயர்ந்தது. தாமே எதிர்பாராத வளர்ச்சி இது என்று 1987இல் டெங் சியாவோபிங் ஒப்புக்கொண்டார். நிலத்தில் வேலையற்று நின்ற உழவரை இத்தொழிலகங்கள் ஏற்றுக்கொண்டன. உள்ளூர் ஆட்சிக்கு வரியும் வருமானமும் தந்தன. அவ்வூராட்சியே தொழிலகத்தின் காவலனும் கண்காணிப்பாளனுமாயிற்று. தன் வருமானத்தைத் தானே தண்டிக்கும் அதிகாரியை எந்த நாட்டிலும் காண்பது அரிது.

ஹுவாய் நதியின் கதை இதற்குச் சிறந்த சான்று. ஹெனான், அன்ஹுவி, ஜியாங்சு, ஷாண்டோங் ஆகிய மாகாணங்களின் நீரைச் சேர்த்தோடும் அந்நதியின் கரைகளிற் கோதுமை வைக்கோலிலிருந்து கடதாசி செய்யும் சிற்றாலைகள் பெருகின. வைக்கோலைக் காரத்திலிட்டு அவிக்கும்போது கரிய கழிவுநீர் வெளிப்படுகின்றது. அதிலுள்ள காரத்தை மீட்டெடுக்கும் இயந்திரத் தொகுதி உண்டு. பேராலைகள் அதனைப் பயன்படுத்துகின்றன. மீட்ட காரமே அதன் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடுகின்றது. ஆனால் அத்தொகுதியைச் சிற்றாலையில் நிறுவினால் அது ஆலையையே விழுங்கிவிடும். ஆக, பெரியவனுக்குச் சிக்கனமாகும் தூய்மை, சிறியவனுக்கு வங்குரோத்தாகின்றது. சிற்றாலைக்காரன் நதியைக் கெடுத்தது அவன் நெஞ்சு பெரியவனின் நெஞ்சைவிடக் கறுத்திருந்ததால் அன்று. அவனது உற்பத்தியின் அளவு அவனை அவ்வழியே தள்ளியது.

1994 கோடையில் அந்நதியிற் பெரும் மாசு வெள்ளம் பாய்ந்து குடிநீர் கெட்டது. 1996இல் ஆண்டுக்கு 5000 தொன்னுக்குக் குறைந்த கூழ் உற்பத்தியுடைய ஆலைகள் அந்நதிப் பள்ளத்தாக்கில் மூடப்பட்டன. அவ்வாண்டே கடதாசி, தோல், சாயம் முதலிய பதினைந்து வகைச் சிறு தொழிற்சாலைகளை நாடெங்கும் மூடுமாறு அரசு கட்டளையிட்டது. 1997ஆம் ஆண்டின் இறுதி நள்ளிரவை எல்லையாகக் குறித்து, அதற்குள் ஹுவாய் தூய்மை பெறும் என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2004இல் அந்நதியில் மீண்டும் மாசு வெள்ளம் பாய்ந்தது. ஆலைகள் மூடப்பட்டன, ஆலைகளைத் தோற்றுவித்த தேவை மூடப்படவில்லை. அந்நதிக்கரை ஊர்களின் அவலத்தைப் படம்பிடித்து உலகறியச் செய்த ஹுவோ டைஷான் என்பாருக்கு 2010இல் மக்சேசே விருது கிடைத்தது. ஒரு புகைப்படக்காரரின் படப்பெட்டி அரசாங்க அறிக்கைகளைவிட நம்பத்தக்க சாட்சியாக இருந்தமை கலைஞர் கருதத்தக்கது.

இவ்விடத்தில் மற்றொரு படத்தையும் ஒப்புநோக்க வேண்டும். தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்த சாய் ஜிங் 2015 பெப்ரவரி இறுதியில் வெளியிட்ட “குவிமாடத்தின் கீழ்” என்னும் படம் சில நாள்களிற் பத்துக் கோடிக்கு மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டது. அப்போதைய சுற்றாடல் அமைச்சரும் அதனைப் பாராட்டினார். ஒரு வாரமளவில் அது சீன இணையத்தளங்களிலிருந்து மறைந்தது. சாய் ஜிங் புள்ளிவிபரங்களோடு மேடையில் நின்று வாதிடுகின்றார். எண்ணெய்த் தரத்தை வகுக்கும் குழுக்களில் எண்ணெய்க் கம்பெனிகளே அமர்ந்திருப்பதையும், உருக்காலைகளை வேலையிழப்பு அச்சத்தால் மூடமுடியாதிருப்பதையும், சட்டம் இருந்தும் அதனைச் செயற்படுத்தும் கை இல்லாதிருப்பதையும் எடுத்துக்காட்டுகின்றார். வாங் காட்டத் தவறிய அமைப்பை இவர் காட்டுகின்றார். ஆனால் இவரது படத்தில் உழைக்கும் கைகளைக் காண்பது அரிது. நகரத்து நடுத்தர வர்க்கத் தாய் ஒருத்தி தன் குழந்தையை யன்னலுக்குள் அடைத்துவைக்க நேர்ந்த துயரமே அதன் மையம். அத்துயரம் பொய்யன்று. ஆனால் யன்னலும் இல்லாத பட்டறையிற் பிறந்து வளரும் குழந்தை அப்படத்துள் நுழையவில்லை. ஒன்றில் மனிதன் இருக்கின்றான், அமைப்பு இல்லை. மற்றதில் அமைப்பு இருக்கின்றது, மனிதன் இல்லை. இரண்டையும் ஒருங்கே காட்டும் படைப்பே நாம் வேண்டுவது.

“பிளாஸ்டிக் சீனா” வந்தபின் நிகழ்ந்தவை படத்தைவிடப் பாடம் நிறைந்தவை. 1992 முதல் உலக நாடுகள் ஏற்றுமதி செய்த பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 45 வீதத்தைச் சீனமே ஏற்றிருந்தது. பண்டங்களை மேற்கே கொண்டுசென்ற கப்பல்கள் வெறுங் கொள்கலன்களோடு திரும்புவதைவிடக் கழிவை ஏற்றிவருவது மலிவாயிருந்தமை அதற்கொரு காரணம். 2017 ஜூலையில் உலக வர்த்தக அமைப்புக்கு அறிவித்து, 2018 தொடக்கம் முதல் வீட்டுப் பிளாஸ்டிக் உட்பட 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியைச் சீனம் நிறுத்தியது. 2021இல் திண்மக் கழிவு இறக்குமதி முழுவதும் தடைசெய்யப்பட்டது. தன் மக்களின் நலங்கருதிச் செய்த இத்தடையை எவரும் குறைகூற இயலாது. அதே வேளையில், தடைபட்ட கழிவு மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் கரைகளுக்குத் திரும்பியது. அங்கும் இதே போன்ற முற்றங்களும் உருக்கும் இயந்திரங்களும் முளைத்தன. இவ்வணிகத்தின் நிழல் நம் நாட்டிலும் படாமல் இல்லை. பிரித்தானியாவிலிருந்து வந்த கழிவுக் கொள்கலன்கள் 2019இல் கொழும்புத் துறைமுகத்தில் அம்பலமாகி, 2020 முதல் திருப்பி அனுப்பப்பட்டமை வாசகர் நினைவில் இருக்கும்.

உள்நாட்டிலும் அதே காலத்திற் பெரும் வேட்டை நடந்தது. 2015 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், மாசுபடுத்துவோர்க்கு நாளுக்கு நாள் ஏறும் தண்டத்தை விதித்தது. 2017இற் பெய்ஜிங், தியென்ஜின், ஹெபெய் பகுதிகளையும் அவற்றைச் சூழ்ந்த மாகாணங்களின் நகரங்கள் சிலவற்றையும் அடக்கி நிகழ்ந்த சோதனையில், “சிதறி, ஒழுங்கற்று, மாசுபடுத்துவன” எனப் பெயரிடப்பட்ட ஏறத்தாழ 62,000 சிறு தொழிலகங்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. சில மூடப்பட்டன, சில இடம் மாற்றப்பட்டன, சில திருத்தம் பெற்றன. வானம் தெளிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே வெட்டாக வெட்டும் முறை மலிந்தது. திருத்திக்கொள்ள விரும்பியவனும் விரும்பாதவனும் ஒருங்கே கதவடைக்க நேர்ந்தது. இம்முறையைத் தடைசெய்து 2018 மே மாதத்திற் சுற்றாடல் அமைச்சே அறிவுறுத்தல் வெளியிட வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய குளிர்காலத்தில், நிலக்கரி அடுப்புகளை அகற்றி மாற்று அடுப்புகளை உரிய காலத்திற் பொருத்தாமையால், ஹெபெய் மாகாணத்துக் குயாங் பகுதிக் கிராமப் பாடசாலைகள் சிலவற்றிற் பிள்ளைகள் முற்றத்து வெயிலில் அமர்ந்து பாடம் படித்தனர். ஆசிரியன் என்ற முறையில் அச்செய்தியை என்னால் மறக்க இயலவில்லை. நல்ல நோக்கமும் மக்களைக் கேளாது மேலிருந்து இறங்கினால் மிகச் சிறியவர் மீதே முதலில் விழுகின்றது.

சிறு உற்பத்தியாளர்க்கு நிலைபேறான வழி இல்லையோ எனில், உண்டு. குவாங்டோங் மாகாணத்துக் குய்யூ என்னும் ஊரில் வீடுதோறும் மின் உபகரணக் கழிவை எரித்தும் அமிலத்திலிட்டும் உலோகம் பிரித்தோர், பின்னர் பொதுவான கழிவு சுத்திகரிப்புடைய கைத்தொழிற் பேட்டைக்குள் கொண்டுவரப்பட்டனர். ஷாவோசிங் பகுதியிற் சாயமிடும் தொழிற்சாலைகளும் அவ்வாறே ஓரிடத்திற் சேர்க்கப்பட்டன. தனித்தனியே நிறுவ முடியாத சுத்திகரிப்பைக் கூடி நிறுவ முடியும் என்பதே இதன் தத்துவம். ஆயினும் பேட்டைக்குள் நுழைய வாடகை கொடுக்க வேண்டும். அது கொடுக்க இயலாதவன் தொழிலையே இழக்கின்றான். கூட்டு முயற்சியின் பயன் கூட்டாகப் பகிரப்படும் வரையில் இப்பேட்டைகளும் சிறியவனை வடிகட்டும் சல்லடைகளாகவே அமையும்.

வேறொரு வழியும் உண்டு. “சீனத்தின் நீர் நெருக்கடி” என்னும் நூலை 1999இல் எழுதிய மா ஜுன், 2006இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, எந்தத் தொழிற்சாலை எந்த நீரைக் கெடுத்ததாக அரசாங்கமே பதிந்துள்ளது என்பதை எவரும் பார்க்கத்தக்க வரைபடமாக வெளியிட்டார். பின்னர் அத்தொழிற்சாலைகளிடம் பொருள் வாங்கும் உலகப் பெருங் கம்பெனிகளை நோக்கி விரலை நீட்டினார். அவரது கேள்விகளுக்கு ஆப்பிள் போன்ற கம்பெனியும் விடைகூற வேண்டி வந்தது. பட்டறையின் வாசலில் நின்று கேட்கவேண்டிய கேள்வி சில. சந்தையின் வாசலில் நின்று கேட்கவேண்டியவை பல என்பதை அவர் உணர்ந்திருந்தார். வாங்கின் படம் தவறவிட்ட கண்ணியை ஒரு வரைபடம் பிடித்துக்கொண்டது.

இனி என் மாணவியின் வினாவுக்கு வருவோம். அமைப்பைச் சுட்டிக்காட்டுவதால் பட்டறை முதலாளியைக் குற்றமற்றவன் என விடுவித்துவிடலாமா? விடுவிக்க முடியாது. முற்போக்கு எழுத்தாளர் சிலரிடமும் இப்பலவீனம் உண்டு. சிறியவன் என்ற ஒரே காரணத்தாற் சிறு முதலாளியைப் பாட்டாளியென மயங்கிவிடுகின்றனர். பெருஞ் சந்தை அவனைச் சுரண்டுகின்றது என்பது உண்மை. அவன் சிச்சுவானிலிருந்து வந்த குடும்பத்தைச் சுரண்டுகின்றான் என்பதும் உண்மை. அவனது பிள்ளை படிக்கப் போகின்றது. அதே முற்றத்திற் கூலிக்காரனின் மகள் கழிவு பிரிக்கின்றாள். படத்தின் மிகக் கூர்மையான முரண் இதுவே. வாங் இதனை நேர்மையுடன் பதிந்துள்ளார். இரு குடும்பங்களையும் அடுத்தடுத்து நிறுத்தி, யாரையும் தூற்றாமலும் யாரையும் தேவனாக்காமலும் காட்டியுள்ளார். அந்தளவில் அவரது படம் இயற்பண்புவாதத்தின் எல்லையைக் கடந்து யதார்த்தத்தை எட்டுகின்றது.

ஆனால் அச்சிறுமி பாடசாலைக்குச் செல்லாமைக்குப் பெரும்பாலும் தந்தையின் குடியும் பொறுப்பின்மையுமே காரணம் போன்ற தோற்றம் படத்தில் எழுகின்றது. ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வியைச் சீனச் சட்டம் 1986இலேயே விதித்துள்ளது. எனினும் குடும்பப் பதிவு சொந்த ஊரிலேயே நிலைத்திருக்கும் முறையினால், பிழைப்புத் தேடி இடம் பெயர்ந்தோரின் பிள்ளைகள் சென்ற ஊரிற் பாடசாலை அனுமதி பெறப் பல தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. இதனைச் சொல்லாது குடிகாரத் தந்தையை மட்டும் காட்டுவது, வறியவரின் துன்பத்துக்கு வறியவரின் ஒழுக்கமே காரணம் என்னும் பழைய பல்லவிக்குத் தாளம் போடுவதாகும். நெறியாளர் அவ்வாறு கருதியிருக்கமாட்டார். ஆனால் படைப்பு கூறுவதைக்கொண்டே படைப்பை மதிப்பிடல் விமர்சகன் கடன்.

ஆகவே, வெறுப்பதா இரங்குவதா என்ற வினாவே போதாதது என்று அம்மாணவிக்குச் சொல்வேன். இரக்கம் பார்வையாளனின் மனத்தை இலேசாக்குகின்றது. வெறுப்பும் அதையே செய்கின்றது. இரண்டும் நம்மைத் திரைக்கு வெளியே பாதுகாப்பாக இருத்திவிடுகின்றன. பட்டறையில் வெட்டப்பட்ட மணி எந்த வாளியாக, எந்தச் செருப்பாக வார்க்கப்பட்டு எவர் வீட்டுக்குச் சென்றது என்று எண்ணிப் பார்க்கும்போது அப்பாதுகாப்பு கலைகின்றது. மலிவான பொருளை வாங்கி மகிழும் நம் கையும் அச்சங்கிலியில் ஒரு கண்ணி என்பது அப்போது தெரிகின்றது.

குறைகள் இருப்பினும் “பிளாஸ்டிக் சீனா” பார்க்கவேண்டிய படம். பார்த்தபின் விவாதிக்க வேண்டிய படம். அடுத்த முறை வகுப்பில் இதனைக் காட்டுமுன் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதிவைக்க எண்ணியுள்ளேன். இக்கழிவைக் கப்பலேற்றியவர் யார்? இம்மணிகளை விலைபேசி வாங்கியவர் யார்? இச்சிறுமியைப் பாடசாலையிற் சேர்க்கக் கடமைப்பட்டவர் யார்? முதலாளியைப் பற்றிய கேள்வியை நான்காவதாக மாணவரே எழுதிக்கொள்வர்.